பதினொரு மணிக்கு எழுதவேண்டியது

அன்று காலை பத்தேகாலுக்கு அந்தச் சின்ன அறையில் இருந்தவர்கள்: கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா, மதிய ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்ததால் பனியனோடு பஸ் டிரைவரான அவளுடைய கணவர், இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த, பாய்லர் அறையில் எல்லோரும் 'நீராவி' என்று கூப்பிடும் தம்பியின் பழைய சகா, கடைசியாகத் தம்பி. தம்பியை இருந்தவர்கள் கணக்கில் சேர்ப்பது நியாயமா என்று தெரியவில்லை. அவன் போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

பாய்லர் இயக்குநர் சான்றிதழ் தேர்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள். இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டாயிற்று. மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். இதிலும் போனால் ஆயுசுக்கும் உதவியாள்தான். யாரோ ஒருவர் சொல்ல வால்வைத் திருகிக்கொண்டே நரைக்க வேண்டியது. நைட் ஷிப்டோடு படிப்பு ஒத்துவரவில்லை என்று சொல்லித்தான் ஐந்து மாதத்துக்கு முன் வேலையை விட்டு வந்தான். அக்கா தன் துணி மூட்டைகளையெல்லாம் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு இந்த அறையைக் கொடுத்தாள்.

முதல் வாரம் பார்த்திருக்க வேண்டும். நாலரைக்குத் தானே எழுந்தான். மூன்று நிறப் பேனா, ஸ்கேல், சுவரில் ஒட்ட அட்டவணை. இரண்டாவது வாரம் அலாரம் எழுப்பியது. மூன்றாவது வாரத்திலிருந்து அலாரத்தையும் சேர்த்து அக்கா எழுப்பினாள். உற்சாகம் வடிய வடிய அட்டவணை மட்டும் அழகாகிக்கொண்டே போனது. இப்போது ஒட்டியிருப்பது ஒன்பதாவது. பாய்லர் அறைப் பதிவேடு போலவே கோடு போட்டு, மணிக்கு மணி என்ன படித்தான் என்று அவனே எழுத வேண்டும்.

அக்கா அந்தத் தாளைப் பார்த்து முதலில் கொஞ்சம் குளிர்ந்துதான் போனாள். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கிட்டே போனாள்.

"என்னங்க, இப்ப மணி என்ன?"

"பத்தேகால்."

"இங்க பதினொன்னுக்கு ஆறு பக்கம் முடிச்சிருக்கான். பன்னெண்டுக்கு ரெண்டு கணக்கு. ஒரு மணிக்கு மறுபார்வையே ஆயிடுச்சு."

"அடேயப்பா. அப்ப நாளைக்கு லீவு விட்டுடலாம்" என்றார் கணவர்.

நீராவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவி, இங்கயும் ஆரம்பிச்சிட்டானா! அக்கா, இது எங்க நைட் ஷிப்ட் வியாதி. மணிக்கொரு தடவை பிரஷர், தண்ணி மட்டம் பார்த்து எழுதணும். எப்பவும் ஒரே அளவுதானேன்னு ராத்திரியே விடியக்காலை வரைக்கும் எழுதி வெச்சிட்டுப் படுத்துடுவோம். ஒரு நாள் மூணு மணிக்கு பாய்லரே நின்னுபோச்சு. இவன் நோட்டுல நாலு மணிக்கும் பிரஷர் ஜம்முனு நிக்குது. அதுக்குத்தானே இவனை..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இவனை? சொல்லுங்க."

"புத்தகத்தை வெச்சிட்டேன்கா. நான் வரேன்."

"வெளிய அனுப்பினாங்களா?"

நீராவி கதவுவரைக்கும் போய், அங்கிருந்து தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஆவியானார்.

அக்கா போர்வையை உருவினாள்.

"எழுந்திருடா. பதினொன்னுக்கு என்ன படிச்சேன்னு சொல்லு."

தம்பி கண்ணைக் கசக்கினான். சுவரைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், கூட அத்தானும் நிற்பதைப் பார்த்தான்.

"படிக்கத்தான் போறேன். அதான் முன்னாடியே எழுதினேன்."

"வேலையையும் நீயா விடலையாம்? ஊர் பூரா 'என் தம்பி படிக்கிறதுக்காக வேலையை விட்டான்'னு தம்பட்டம் அடிச்சேனேடா, கேனச்சி மாதிரி!"

அவன் போர்வையை இழுத்து மடித்தான். "முடியலைக்கா. முதல்ல இருந்த வேகம் போயிடுச்சு. புத்தகத்தைத் திறந்தா எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. மூடே வரமாட்டேங்குது."

"எனக்கு மட்டும் காலரைப் பார்த்தா பொங்கிக்கிட்டு வருதா? பதினாலு வருஷமா சட்டைக் காலர். ஒரு நாளாவது, 'ஆகா, இன்னைக்குக் காலர் தைக்கலாமே'ன்னு ஆசையா எழுந்திருப்பேனா?"

"அப்புறம் எப்படித் தைக்கிறே?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"மிஷின்ல உக்காந்துதான்டா! வேற எப்படித் தைப்பாங்க?"

"திங்கக்கிழமைலேர்ந்து டயர் கடைக்குப் போகட்டும்" என்றார் கணவர். "நான் பேசி வெச்சிருக்கேன். அங்க மூடெல்லாம் கேட்கமாட்டாங்க. டயரைத் தூக்குன்னா தூக்கணும்."

"வேணாம் அத்தான். இந்தத் தடவை சரியா செய்யறேன்." தம்பி எழுந்து மேஜை இழுப்பறையைத் திறந்தான். உள்ளேயிருந்து ஸ்கேல் வந்தது. பச்சைப் பேனா வந்தது. வெள்ளைத்தாள் வந்தது.

"புதுத் தாளா?" அக்காவின் குரல் கீச்சென்று உடைந்தது. "பத்தாவதா? தொட்டே, கையை ஒடிச்சுடுவேன். அதே தாள்ல எழுது. பொய்யை அடிச்சிட்டு அது பக்கத்துலயே எழுது. இல்ல, எழுதாத. எக்கேடோ கெட்டுப் போ. இனிமே நான் எழுப்பமாட்டேன், எட்டிப் பார்க்கமாட்டேன், திட்டவும் மாட்டேன். உன்னைத் திட்டித் திட்டி என் தொண்டைதான் தேயுது. திட்டினா ரெண்டு நாள் ஓடுற. அப்புறம் மறுபடி சாவி குடுக்கணும். நான் என்ன கடிகாரக் கடையா வெச்சிருக்கேன்?"

போய் மிஷினில் உட்கார்ந்தாள். பெடலை மிதித்தாலும் காது என்னவோ அந்த அறையில்தான் இருந்தது. பதினொன்று அடித்தது. ஒரு சத்தமும் இல்லை. மறுபடி தூங்கிவிட்டானோ? எட்டிப் பார்க்கமாட்டேன் என்று எந்த வாயால் சொன்னோம் என்று தன்மேலேயே கோபம் வந்து, அந்தக் கோபத்தில் ஒரு காலரைத் தலைகீழாகத் தைத்துத் தொலைத்தாள். பிரிக்க அரை மணி நேரம்.

சாப்பாட்டு வேளையில் அவன் கைகழுவப் போனபோது உள்ளே நுழைந்து பார்த்தாள். மூன்று வரியும் அடிக்கப்பட்டிருந்தன. பதினொன்றுக்குப் பக்கத்தில்: ஒன்றும் படிக்கவில்லை, சுவரைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு: அரைப் பக்கம், புரியவில்லை. ஒரு மணிக்கு: அதே அரைப் பக்கம்.

ஐந்து மாதத்தில் அவன் சுவரில் அவள் ஒரு பூஜ்யத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"என்னடா இது, ரெண்டு மணி நேரத்துக்கு அரைப் பக்கம்?"

"அவ்வளவுதான் போச்சு." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டான். "தண்ணி மட்டம் கீழ இருந்தா கீழன்னு எழுதினாத்தான் பம்ப்பைப் போடத் தோணும்."

"இந்தப் புத்தி அங்க இருந்தப்ப எங்கய்யா போச்சு?" என்றார் கணவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

தம்பி சாப்பிட்டுவிட்டு உள்ளே போனான். உற்சாகமாக ஒன்றும் போகவில்லை. பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவன் மாதிரி போனான்.

அதற்குப் பிறகும் அதே முகம்தான். உற்சாகம் போனது போனதுதான், திரும்பி வரவே இல்லை. தாள் மட்டும் அசிங்கமாகிக்கொண்டே வந்தது. தூங்கினேன். இரண்டு பக்கம். தலைவலி, ஒரு கணக்கு. கணக்கு தப்பு. நான்கு பக்கம். அக்கா எழுப்பவில்லை. சில நாள் ஏழரைக்குத்தான் எழுந்தான், அதையும் எழுதினான். திங்கட்கிழமை வந்தபோது, டயர் கடைக்காரர் வெளியூர் போயிருக்கிறார் என்று கணவர் சொன்னார். மனிதருக்குப் பொய் சொல்லவே வராது. அக்கா மேற்கொண்டு கேட்கவில்லை.

தேர்வு நாள். ஒன்பது மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். எட்டேகாலுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள், ஆளைக் காணோமே என்று உள்ளே வந்தாள். அவன் மேஜையில் இருந்தான்.

"பாவி, இன்னைக்குமா?"

"ஒரு கணக்கு பாதியில நிக்குது."

"அது அங்க வராதுடா!"

"தெரியும். தினம் எட்டு மணிலேர்ந்து ஒன்பது வரைக்கும் கணக்குதானே. நிறுத்த முடியலை."

ஐந்து மாதம் உட்காரவைக்கத் தொண்டைத் தண்ணி வற்றினவள், இப்போது சட்டையைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது. நல்ல இழவு. பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள். இறங்கி ஓடினார்கள். இரண்டு மாடி. அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் முன்னால் போய்விட்டான்.

தாழ்வாரத்துக் கோடியில் காவலாளி சாவிக்கொத்தோடு ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தார். "கடைசி ஆளா? நடங்க, நடங்க."

"பேனா வெச்சிருக்கியாடா?" என்று அக்கா அங்கிருந்தே கத்தினாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போனான். காவலாளி கதவைச் சாத்தி, அவன் பின்னால் பூட்டினார்.