ஈரக் கை

மோந்து பார்த்தாள் என்பது அந்த ஆளுக்கு எப்படித் தெரியும், மற்றதெல்லாம் போகட்டும், கையைக் கழுவச் சொன்னாள் என்று எந்த நர்சைப் பற்றியும் எவனும் சொல்லிவிடலாம், நர்சு என்றால் கையைக் கழுவு என்றுதானே சொல்வாள், பிறகு வேறு என்ன சொல்வாள்... ஆனால் புருஷன் ஈரக் கையை மூஞ்சிக்கு நேரே நீட்டினான், அவள் இரண்டு கையையும் பிடித்து மோந்து பார்த்து ‘பாஸ்’ என்றாள் என்று மேடையில் நின்று சொன்னாரே, அது? ஷீபா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கம்பி சுட்டது. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த பஸ் கோமுகி அணையைத் தாண்டி, கச்சிராயபாளையம் கடைத்தெருவுக்குள் நுழைய முடியாமல் நின்று வெகு நேரமாகிவிட்டது. முன்னால் சாலை மறியல். யாருக்காக மறியல் என்றால், அவளுக்காகத்தான். மறியல் செய்கிறவர்களில் ஒருத்திக்குக்கூட அது தெரியாது என்பதுதான் வேடிக்கை, வேடிக்கையா இது, கடவுளே.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊர் வடக்கனந்தலில் கூட்டம். கட்சியின் மாவட்டத் தலைவர் பேசினார். அவருக்கு மைக்கைக் கண்டால் போதும், வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்த மாதிரி. கரும்பு விலையில் ஆரம்பித்தவர் எப்படி அங்கே போனாரோ, கூட்டம் கொட்டாவி விட்டிருக்கும், சிரிக்க வைக்கவேண்டியிருந்திருக்கும். “நம்ம பக்கத்துல மலைக்குப் போயி வேல பாக்கற நர்சம்மா ஒண்ணு. புருசங்காரன் ஆசையா கிட்ட போறான். அது இன்னா சொல்லுது தெரியுமா? போயி சோப்பு போட்டு கைய கழுவிக்கினு வாங்குது. அவன் ஈரக் கைய மூஞ்சிக்கு நேரா நீட்டறான், அது மோந்து பாத்து பாஸ்ங்குது. பொம்பள கையில சம்பளத்த குடுத்தா ஆம்பள இப்பிடித்தான் கைய கழுவிக்கினு நிக்கணும். இதுங்களுக்கு வேல போட்டுக் குடுத்ததே தப்புய்யா.” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எவனோ போனில் பிடித்துப் போட்டுவிட்டான். விடிவதற்குள் ஊரெல்லாம் அதுதான், டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள், செவிலியர்கள் கறுப்புப் பட்டை குத்திக்கொள்கிறார்கள், எங்கெங்கோ இருக்கிற பெண்கள் அவர் வீட்டு முகவரிக்குச் சோப்பு பார்சல் அனுப்புகிறார்கள். யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று நேற்று அறிக்கை விட்டிருக்கிறார். யார் மனம் என்று அவருக்குத் தெரியாதா, ஆறு மாதத்துக்கு முன் அவள் வீட்டில் உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனவர்தானே, அவள் புருஷன் டென்னிஸ் அவருக்கு ஒன்றியத் துணைச் செயலாளர்தானே.

மலைக்குப் போகிற நர்சுகள் எத்தனை பேர், விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் புருஷன் அந்தக் கட்சிக்காரனாக இருப்பவள் எத்தனை பேர்? இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு எவனாவது கணக்குப் போட்டுவிடுவான், ஊர் வாயை மூட உலைமூடி எங்கே கிடைக்கும். அதுகூடப் பெரிதில்லை, அதுவா இப்போது நெஞ்சை அறுக்கிறது, அவன் சொன்னானா இல்லையா, அது ஒன்று தெரிந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் எழுந்திருக்கும்போது டிராக்டரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், ஆலையில் கரும்பு லோடு வரிசை நீளம் என்கிறான், ராத்திரி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். அவளாவது கேட்டாளா? கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயம்.

கையைக் கழுவச் சொன்ன அன்றைக்கு, பகலில், மலைமேல் ஒரு வீட்டில் பிறந்து ஒரு வாரமான பிள்ளைக்குத் தொப்புள்கொடி சீழ் பிடித்திருந்தது. ஜீப் பிடித்து அனுப்பி, பிள்ளை பிழைத்துவிடும் என்று போன் வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய், பிள்ளையைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்க, நகத்துக்குள்ள கழுவுங்க என்று நாக்குத் தள்ளச் சொல்லிவிட்டு மலையிறங்கி வந்தாள். மழை, கரண்ட் இல்லை. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி. டென்னிஸ் டிராக்டரில் ஏதோ கழற்றி மாட்டிவிட்டு அப்படியே வந்து பின்னாலிருந்து தோளைத் தொட்டான், வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது, “சோப்பு போட்டு கைய கழுவிக்கினு வாங்க.” அவன் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். தொட்டித் தண்ணீர் சத்தம் நிறைய நேரம் கேட்டது. மெழுகுவர்த்தியை அங்கேயே வைத்துவிட்டு இருட்டில் தடவிக்கொண்டு வந்து, ந்தா பாத்துக்கோ என்று நீட்டினான். ஜில்லென்று இரண்டு கை. வேப்பெண்ணெய் சோப்பு வாசனை, அதற்கு அடியில் கிரீஸ், போகவே போகாத கிரீஸ். மோந்து பார்த்து ‘பாஸ்’ என்றாள். அப்புறம் சிரிப்பு, அடக்கமுடியாத சிரிப்பு, வயிறு வலிக்கிற சிரிப்பு, பகலெல்லாம் பிடித்துவைத்திருந்த பயமெல்லாம் சிரிப்பாக இறங்கிப் போயிற்று. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த மாதிரி ஒரு சிரிப்பு அந்த வீட்டில் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவன் சொல்லாமலே கழுவிவிட்டு வந்தான், ஒரு நாளும் தவறியதில்லை. ஊரில் எந்தப் புருஷன் இப்படி என்று அவளுக்கு உள்ளுக்குள் கொள்ளைப் பெருமை. மாதச் சாமான் வாங்கும்போது சோப்பு ஒன்று கூடுதலாக எடுக்கிறபோதெல்லாம் தனியாகச் சிரித்துக்கொள்வாள், கடைக்காரர் என்ன நினைத்திருப்பாரோ.

பஸ்ஸுக்குள்ளும் அதே பேச்சுதான். பக்கத்து சீட்டில் புளி மூட்டையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தைலம்மாள், மலைமேல் அவள் மருமகளுக்கு இரண்டு பிரசவத்துக்கும் ஊசி போட்டது ஷீபாதான். “எந்த மவராசியோ நர்சம்மா, பாவம், வூட்டு வெசயத்த இப்பிடி சந்தியில கொண்டாந்து போட்டுட்டானுவளே” என்றாள். முன் சீட்டில் துண்டு போட்ட ஒருவர் திரும்பினார். “அப்பிடி ஒருத்தி இருக்கணுமேம்மா, அந்தாளு சும்மா வுட்டு அடிச்சிருப்பாரு.” கண்டக்டர் பையைத் தட்டிக்கொண்டே, இருந்தா அந்தப் புருசன் தான் பாவம், இன்னேரத்துக்கு கை தோலு உரிஞ்சிருக்கும் என்றான். பஸ்ஸே சிரித்தது. தைலம்மாளும் பல் தெரியாமல் சிரித்தாள், சட்டென்று ஷீபாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள், நர்சுதானே இவளும் என்று நினைத்திருப்பாள். ஷீபாவும் சிரித்துவைத்தாள், சிரிக்காமல் இருந்தால் ஏன் சிரிக்கவில்லை என்பார்கள். சிரித்த வாய் கசந்தது. அந்தாள் பேசியபோது கூட்டத்தில் இருந்த பெண்களும் இப்படித்தான் சிரித்திருப்பார்களோ? இருந்தாலும் இவர்கள் நல்லவர்கள், அவளுக்காகப் பரிதாபப்படுகிறார்கள், பரிதாபம்தான் தாங்கமுடியவில்லை. அன்றைக்குப் பரிதாபப்பட என்ன இருந்தது, அவள் சிரித்துக்கொண்டல்லவா இருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே நிர்மலாக்காவின் முகம் வந்தது. பட்டணத்து சுகாதார நிலையத்தில் மூத்த நர்சு, சங்கத்து ஆள், வெயிலில் கறுத்து, தொண்டை கட்டி, கறுப்புப் பட்டை வியர்வையில் சுருண்டிருந்தது. “எறங்கு ஷீபா. மலையில வேல பாக்கறவ நீதான் பேசணும். ரெண்டு வார்த்த, மைக்குல சொல்லு, போதும்.” ஷீபா, உடம்பு முடியலக்கா என்றாள். நிர்மலாக்கா அவளை ஒரு கணம் பார்த்தாள், புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினாள், “வூட்டுக்காரரு கட்சி... சரி வுடு” என்று சொல்லி, கூட்டத்துக்கு வாங்கிவைத்திருந்த சோப்பில் ஒன்றை ஜன்னல் வழியாகக் கையில் திணித்துவிட்டுப் போனாள். கட்சிக்குப் பயந்து இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போகிறாள். எப்படிச் சொல்வது, அக்கா, நான் இறங்கிப் பேசினால் அது கேவலம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், அது கேவலமில்லை, எங்கள் வீட்டில் இருந்ததிலேயே நல்ல விஷயம் அதுதான். அந்தத் தலைவர் அதில் சேற்றை அள்ளிப் பூசினார், நீங்கள் அதற்காகச் சண்டை போடுகிறீர்கள், நல்லதுதான், போடவேண்டியதுதான், ஆனால் அந்தச் சிரிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. டென்னிஸ் அதைச் சொல்லியிருந்தால், சிரித்துக்கொண்டே, என் பொண்டாட்டி இப்படி என்று ஆசையாகத்தான் சொல்லியிருப்பான், அதை அந்தப் பெரிய மனுஷன் இப்படித் திரித்துவிட்டான். அப்படித்தான் இருக்கும். அப்படி இருந்தால் மன்னித்துவிடலாம்.

போன் அடித்தது. டென்னிஸ். பின்னால் டிராக்டர் சத்தம். “எங்க இருக்கற?” கச்சிராயபாளையத்துல, பஸ்ஸுல. “கீழ எறங்காத. டிவிக்காரன் மைக்க நீட்டுவான். பஸ்ஸுலயே குந்திக்கினு இரு.” வைத்துவிடுவான், இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கமுடியாது என்று தோன்றியது. தைலம்மாளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “மோந்து பாத்தது அவருக்கு எப்பிடிங்க தெரியும்?” என்றாள். டிராக்டர் சத்தம் நின்றது. அணைத்துவிட்டான் போல.

“கார்ல சென்னைக்குப் போவசொல்ல பேச்சுவாக்குல வந்துச்சு ஷீபா. ஆளாளுக்கு அவங்க வூட்டுக் கதைய சொல்லிக்கினு வந்தாங்க. அந்தாளு மேடையில போயி சொல்லுவாருன்னு எனக்கு இன்னா தெரியும்.”

சரி. சொல்லித்தான் இருக்கிறான். எதிர்பார்த்ததுதானே. “இன்னான்னு சொன்னீங்க?”

“நடந்ததத் தான் சொன்னன். நீ கழுவ சொன்ன, கழுவிக்கினு வந்தன், மோந்து பாத்த. நானா எதையும் சேக்கல.”

“நாம சிரிச்சமே, அத சொன்னீங்களா?”

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், பொய் சொல்லத் தேடுகிறவன் இல்லை அவன், அது அவளுக்குத் தெரியும். பிறகு சாதாரணமாக, மறந்துபோன ஒரு விஷயத்தைக் கேட்கிற மாதிரி, “யாரு சிரிச்சா?” என்றான்.

போலீஸ் வந்துவிட்டது, விசில் கேட்டது, பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது. போனில் அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், சிக்னல் விட்டு விட்டு வந்தது, வூட்டுக்கு வா பேசிக்கலாம் என்கிற மாதிரி இருந்தது. ஷீபா எழுந்து நின்றுவிட்டாள், எதற்கு எழுந்தாள், இறங்கவா, இறங்கி நிர்மலாக்காவிடம் என்ன சொல்ல? எறங்கணும்னா நிறுத்தட்டுமா நர்சம்மா என்று கண்டக்டர் கேட்டான். வேணாம் என்று உட்கார்ந்தாள். கடைத்தெரு பின்னால் போயிற்று, சோப்புக் காகிதங்கள் ரோட்டில் கிடந்தன. இருட்டு, மெழுகுவர்த்தி பின்பக்கத்தில், அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை, சிரிப்புச் சத்தம் கேட்டது உண்மை, அதில் அவன் சத்தம் இருந்ததா... எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள் அந்த ராத்திரியை, ஒரு தடவைகூட அவன் சத்தத்தைத் தனியாகத் தேடிப் பார்த்ததில்லை, இப்போது தேடினால் அவள் சிரிப்பு மட்டும்தான் கேட்கிறது, அவள் எதிரே யாரோ ஈரக் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ராத்திரியும், சொல்லாமலே, பின்பக்கம் போய் அவ்வளவு நேரம் கழுவிவிட்டு வந்தானே, அது என்ன? வடக்கனந்தல் எல்லாம் எறங்கு என்றான் கண்டக்டர். கையில் நிர்மலாக்கா கொடுத்த சோப்பு இருந்தது. வீட்டில் சோப்பு தீர்ந்துபோயிருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது.