வளைவில் மூன்று தேயிலைச் செடிகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பஸ்ஸில். தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு வந்துகொண்டிருந்தேன். பின்சீட்டில் இரண்டு பெண்கள்.

"பிடுங்கிட்டா என்ன செஞ்சிருவாங்க?"

"பிடுங்குறது நீங்க அக்கா. பதில் சொல்றது நாங்க."

அவ்வளவுதான் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வயதில் ஓடுகிற பஸ்ஸில் கழுத்தைத் திருப்பினால் அது மறுபடி நேராவதற்கு நாளாகும். முகம் பார்க்காமல் குரலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கதைகள் எனக்கு அப்படித்தான் வரும், பேச்சாக. அன்றிலிருந்து அவர்கள் இருவரும் பேசி முடிக்கவில்லை. எனக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

மலை முகடுகளைப் பனி போர்த்தியிருந்த அந்தக் காலைப் பொழுதில்—

வேண்டாம். பனி பேசாது.

சேவை என்பது—

இதுவும் வேண்டாம். மேடையில் மாலை போட்டுக்கொண்டவர்கள் பேசுகிற பேச்சு.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ஜெனிதா என்று பெயர் வைத்தேன். ஹட்டனில் ஆசிரியை. [பிறந்தது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், இப்போது டவுனில் வீடு.] ஹாட்வெயார் கடை றம்ஸானோடு சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் திரட்டித் தோட்டங்களில் கூலி வாங்காமல் சிரமதானம் செய்கிறாள். இம்முறை மேல் லயத்துக்கு ஒரு பாதை. அகலமாக்கினார்கள், கல் போட்டார்கள், றம்ஸானின் லொறியை ஏற்றித் திருப்பிப் பார்த்தார்கள். திரும்பியது. தேங்காய் உடைத்துப் பாதையைத் திறந்தார்கள்.

பிறகு ஒரு நோயாளிக்காக அம்புலன்ஸ் வந்து, கடைசி வளைவில் மாட்டிக்கொண்டது. லொறி உயரம், அதன் பின்பக்கம் ஓரத்துத் தேயிலைச் செடிகளுக்கு மேலாக வீசித் திரும்பியிருக்கிறது. அம்புலன்ஸ் தாழ்ந்த வண்டி. மூன்று செடிகள் மறித்தன. மிச்ச இறக்கத்தில் நோயாளியைப் பழையபடி கம்பளியில்தான் தூக்கி வந்தார்கள்.

மற்றப் பெண் ஜெயந்தினி. மேல் லயத்தில் நிறைமாதம். முதல் பிள்ளையைப் பெற ஆஸ்பத்திரிக்குக் கம்பளியில் தூக்கிப் போனபோது, வழியிலேயே பெற்று வழியிலேயே இழந்தவள். செடிகளை எடுத்தால் வண்டி வாசலுக்கு வரும். ஆனால் செடி தோட்டத்துடையது. தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டதற்கு "பார்ப்போம்" என்றார். கேட்காமல் பிடுங்கினால், அவள் கணவன் நிரஞ்சனுக்குத் தோட்டத்தில் வேலை போகும். வேலையோடு லயத்தில் அவர்கள் இருக்கும் அறையும், அந்தக் காம்பராவும் போகும்.

3

மூவரும் வளைவில் நிற்கிறார்கள். றம்ஸான் கையில் செடியைத் தோண்ட அலவாங்கு, கடப்பாரை மாதிரி.

"நான் பிடுங்குறேன் தங்கச்சி. என் கடை டவுன்ல. என்னைய எங்கேருந்து வெரட்டுவாரு?"

"ஒங்கள வெரட்ட முடியாது நானா. அதனாலதான் எங்கள வெரட்டுவாரு."

"பன்னி தோண்டிருச்சின்னு சொல்லிருவோமே."

"பன்னி சரியா மூணு செடியத் தோண்டி, குழிய மூடி, மிதிச்சும் விட்டுட்டுப் போச்சா? தொரை சிரிச்சே செத்துருவாரு."

"செத்தா அதுக்கும் அம்புலன்ஸ் வரணும்."

ஜெனிதா மட்டும் சிரிக்கவில்லை. "நீ உள்ள போயிரு ஜெயந்தினி. ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு."

"வாசல்ல நின்னாலே வளைவு தெரியும் அக்கா. கண்ணு அவிஞ்சு போச்சுன்னு சொல்லவா?"

* இந்த இடத்தில் ஜெனிதாமீது எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் பதற்றம் ஜெயந்தினிக்காகவா, பாதை முடிந்தது என்று ஊரெல்லாம் படம் அனுப்பிய பிறகு பாதை முடியாமல் நிற்பதற்காகவா? கேள்வியை அடித்தேன். மறுபடி எழுதினேன். இரண்டுமாக இருக்கக்கூடாதா?

4

முடிவு ஒன்று. மழை. ஜெயந்தினிக்கு வலி. ஜெனிதா வெறுங்கையால் செடியைப் பிடுங்க, அம்புலன்ஸ் வளைவில் ஏற, பிள்ளையின் அழுகுரல்—

"அம்மா." ஜெயந்தினிதான். என்னைத்தான் கூப்பிடுகிறாள். "ஒங்க கதைக்கு எனக்கு மழையிலதான் வலி வரணுமா?"

"வந்தாத்தான் கதை முடியும் புள்ள."

"ஒங்களுக்கு முடியும். மறுநாள் காலையில பெரட்டுல, வேலைக்குப் பேர் கூப்பிடுறப்ப, அவரு பேரு இருக்காதே. அத எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?"

முடிவு இரண்டு. துரை மனமிரங்கி— றம்ஸானே சிரித்துவிட்டார். அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று ஜெனிதா சொன்னது. "பேசாம எங்க வீட்டுக்கு வந்துரு. டிக்கோயா ஆஸ்பத்திரி பக்கம். புள்ள பொறந்த பெறகு போ."

நல்ல முடிவு. எழுதிவிட்டுத் தேத்தண்ணி போடவும் எழுந்துவிட்டேன்.

"வர்றேன் அக்கா, எனக்கும் பயந்தான்," என்றாள் ஜெயந்தினி. "பக்கத்துக் காம்பராவுல வீரம்மாக்காவுக்கு நெஞ்சு வலி. அவங்களையும் கூட்டிட்டு வரவா? சுதர்ஷினி முழுகாம இருக்கா. அவளையும்? ஒங்க வீட்டுல எத்தன ரூம்பு?"

அடுப்பில் தண்ணீர் கொதிக்க, ஜெனிதா விரல்விட்டு அறைகளை எண்ணினாள். பிறகு கேட்டாள்: "அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"நீங்க ரெண்டு பேரும் கை வைக்காதீங்க. லயமே வந்து பிடுங்கட்டும். ஒருத்தர வெரட்டலாம். அம்புட்டுப் பேரையும் வெரட்டிட்டுக் கொழுந்த யாரு எடுப்பா?"

"வராட்டி?"

"கேட்டுப் பாக்குறேன்."

5

நான்காவது முடிவு என்னிடம் இல்லை. ஜெயந்தினி லயத்தில் கதவு கதவாகப் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு கதவில், "அவரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்." இன்னொன்றில், "நீ முன்னால போ, பின்னால வர்றோம்." இவை சம்மதமா மறுப்பா? இத்தனை வருடம் பேச்சையே கேட்டு எழுதிய எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த காம்பரா உங்களுடையது. நாளைக் காலைப் பெரட்டில் உங்கள் பெயரையும் கூப்பிட வேண்டும். உங்கள் அடுப்பும் அதை நம்பித்தான் எரிகிறது. அவள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மறு கையால் தட்டுகிறாள்.

"இருக்கீங்களா?"

சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். யோசித்தும் சொல்லலாம், ஆனால் அவளால் அதிக நேரம் நிற்க முடியாது.