பச்சைக் கதவு

எங்கள் மெக்சிகோ நகரத்தில் 'தெரியாது' என்ற சொல்லுக்கு அநேகமாகத் தடை. வழி கேட்டவனை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதைக் குறைவு. தப்பான வழியைக் காட்டி அனுப்புவது உபசாரம்.

இந்த உபசாரத்தில் கரைகண்டவர் என் மாமா ஹெனாரோ. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரே தடத்தில்தான் ஓட்டினார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார்.

சிலியிலிருந்து ஒதிலியா வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். என் அக்கா அங்கே படித்தபோது தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்ட புண்ணியவதி. சர்வாதிகாரிக்குப் பயந்து அவள் பெற்றோர் இங்கே ஓடிவந்திருந்தபோது பிறந்தவள். நாலு வயதில், 1984-ல், அவர்களோடு சிலிக்குத் திரும்பிப் போனவள். இப்போது பெற்றோர் இருவரும் உயிரோடு இல்லை. பிறந்த வீட்டை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. கையிலிருந்த தகவல்: நார்வார்த்தே பேட்டை, பச்சைக் கதவு, எதிரே ரொட்டிக் கடை.

"நார்வார்த்தேவா? எனக்குத் தண்ணி பட்ட பாடும்மா," என்றார் மாமா. "கண்ணைக் கட்டி விட்டாலும் போயிடுவேன்."

"கண்ணைத் தெறந்துக்கிட்டே போங்க மாமா, அதுவே பெரிய விஷயம்," என்றேன்.

"தெல்ஃபி, வாயை மூடு!" என்றாள் அம்மா. "நீ சாப்பிடு கண்ணு. இதோ இப்பக் கிளம்பிடலாம்."

எங்கள் ஊர் 'இதோ இப்ப'வுக்குக் கடிகாரம் கிடையாது. அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் வாசலைத் தாண்டவே மதியமாகிவிட்டது.

நார்வார்த்தேயில் தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை விற்பவரைக் கேட்டோம். "நேராப் போய் இடது கைப் பக்கம்," என்றார், யோசிக்கவே இல்லை. போக்குவரத்துக் காவலர் வலது பக்கம் என்றார். ஆறு நாய்களை நடத்திக்கொண்டு வந்த அம்மாள், அந்தக் குடும்பத்தையே தெரியும் என்று சத்தியம் செய்து, வந்த வழியே திருப்பி அனுப்பினாள். மாமா ஒவ்வொருவருக்கும் தலையாட்டி, "நானும் அதைத்தான் சொன்னேன்," என்றார்.

சாயங்காலம் ஒதிலியா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றினாள். "பரவாயில்லை, திரும்பிடலாம்," என்றாள். குரல் உடைந்திருந்தது. 

மாமா சட்டென்று நிமிர்ந்தார். "இதோ! இதேதான்!"

ஒரு மூன்று மாடிக் கட்டடம். கதவு பச்சைதான், நீலம் கலந்த பச்சை. எதிரே ரொட்டிக் கடை இல்லை, டயர் கடை. "அப்போ ரொட்டிக் கடைதான் இருந்துச்சு. நானே வாங்கியிருக்கேன்," என்றார் மாமா கூசாமல். ஆனால் சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. தன் பொய்யை முதலில் நம்புகிறவர் எப்போதும் அவர்தான்.

எங்கள் ஊர் வழக்கப்படி கதவுக்குப் பக்கத்தில் கட்டியவர் பெயரும் கட்டிய வருஷமும் கல்லில் செதுக்கப்பட்டிருந்தன. 1991. நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

ஒதிலியா கதவில் இரண்டு கைகளையும் வைத்து, நெற்றியைச் சாய்த்து அழுதாள். மாமா அவளைவிடச் சத்தமாக அழுதார். டயர் கடைக்காரர் ஓடிவந்து நாற்காலி போட்டார்.

விமான நிலையத்தில் அவளும் நானும் தனியாக நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அந்த வீடு..."

"தொண்ணூத்தொண்ணு. நானும் படிச்சேன், தெல்ஃபி."

"அப்புறம் எதுக்கு அழுதீங்க?"

"அழணும்னுதானே அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தேன்? ஏதோ ஒரு கதவு வேண்டியிருந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதோட உங்க மாமா மூஞ்சியைப் பார்த்தேன். அவர்கிட்டப் போய் 'இது இல்லை'ன்னு எப்படிச் சொல்றது?"

எங்கள் ஊரில் பிறந்தவள்தான், சந்தேகமே இல்லை.

மாமா இப்போது வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளையெல்லாம் அங்கே கூட்டிப்போய்த் தொப்பியைக் கழற்றுகிறார். போன வாரம் காப்பி குடிக்கும்போது என் பக்கம் குனிந்தார். குரலே எழும்பவில்லை.

"தெல்ஃபி, அது அந்த வீடுதானே?"

அவரது புளுகுகளைப் பிறந்ததிலிருந்து பிட்டுப் பிட்டு வைத்தவள் நான். கல்லில் செதுக்கிய சாட்சியும் என் பக்கம்தான்.

"அதே வீடுதான் மாமா," என்றேன். "ரொட்டிக் கடை எனக்கே ஞாபகம் இருக்கே."