புது மாடலில் ஒரு பட்டன் கூடுதல்

ஹிராய்வாவுக்குக் கேமராப் பைத்தியம் என்று, ஜப்பானின் துறைமுக ஊரான ஹச்சினோஹேயில் இருந்த அந்த நாளிதழ் அலுவலகத்தில் சொல்லாதவர் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதுப் புகைப்படக்காரர், புது மாடலின் விளம்பரக் கையேட்டை மடிப்புக் கிழியும் அளவுக்குப் படித்தால் வேறு என்ன சொல்வார்கள்?

"உங்க வீட்டம்மா முகத்த என்னைக்காவது இவ்வளவு நேரம் பார்த்திருக்கீங்களா, ஹிராய்வா-சான்?" என்பாள் பக்கம் வடிவமைக்கும் சுகவாரா. அவரும் சிரித்துவைப்பார்.

விஷயம் வேறு. இரண்டு வருடமாக அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார் என்ற பயம். அதனால் மருந்தை எல்லாம் கையேட்டில்தான் தேடினார். மங்கல் வெளிச்சத்திலும் புள்ளி விழாத சென்சாரா? அப்படியானால் ஷட்டரை வேகமாக வைக்கலாம். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கை எவ்வளவுதான் ஆடிவிடும்? விநாடிக்கு எட்டுப் படமா? எட்டில் ஒன்றாவது தேறும். ஆட்டத்தைச் சமாளிக்கும் லென்ஸ், உப்புக்காற்றைத் தாங்கும் கனமான உலோக உடம்பு, எல்லாமே அவர் பக்கம். பெரிய பத்திரிகைக்காரர்கள் வைத்திருக்கும் கேமராவுக்கு ஒரு படி கீழேதான், இப்போது அவர் கையில் இருந்தது. ஆனாலும் அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

விருந்துகளில்தான் சிக்கல். பக்கத்தில் இருப்பவரின் கோப்பை காலியானால் நாம்தான் ஊற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். பீர் பாட்டில் தன் பக்கம் நகர்ந்ததுமே ஹிராய்வா கேமராவைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். "எல்லாரும் இங்க பாருங்க!" கண்ணில் புரை விழுந்த சக புகைப்படக்காரர் தாகாதாதேயைச் சந்தாப் பிரிவுக்கு மாற்றியதை அவர் பார்த்திருந்தார். ஆறு மாதத்தில் அந்த மனிதர் பேச்சையே குறைத்துக்கொண்டார். கேமராவைப் பிடுங்கிவிட்டால் தனக்கும் அதே கதிதான் என்று ஹிராய்வாவுக்குத் தெரியும்.

அந்த இலையுதிர் காலத்தில் அவர் நச்சரித்து வாங்கவைத்த அடுத்த மாடல் வந்தது. அதில் ஒரு பட்டன் கூடுதல்: வீடியோ.

"இனிமே வெப்சைட்டுக்கு வீடியோவும் வேணும்பா," என்றார் படப் பிரிவுத் தலைவர் ஒனோதேரா. வீடியோவில் வேகமான ஷட்டரும் ஹிராய்வாவின் கையைக் காப்பாற்றாது. யாரும் இல்லாத நேரம் பார்த்து சுகவாராவின் மேசைமேல் இருந்த பூச்சாடியைப் பத்து விநாடி எடுத்துப் பார்த்தார். உடனே அழித்தார். பிறகு மூன்று மாதம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்தார்.

ஜனவரிப் புயலில் ஒரு கணவாய் மீன்பிடிப் படகு மூன்று நாள் காணாமல் போனது. நான்காம் நாள் ஆறு பேரும் உயிரோடு வருகிறார்கள் என்று தகவல். "வீடியோ இல்லாம திரும்பி வராத," என்றார் ஒனோதேரா. படகுத்துறையில் கேமரா முக்காலியை விரிக்க ஓரடி இடம் இல்லை. ஹிராய்வா இரண்டு முழங்கைகளையும் விலாவோடு இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினார். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் ஓடிவந்து, இறங்கிய கணவனின் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்து குத்தென்று குத்தினாள். பிறகு அப்படியே அவன்மேல் சாய்ந்துவிட்டாள். நாற்பது விநாடி. நாற்பதும் ஆடியது.

மறுநாள் காலை ஒனோதேரா எல்லோரையும் கூப்பிட்டு அதைப் போட்டுக்காட்டினார். வாசகர்கள் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார்: "படம் எடுத்தவரும் அழுதுகொண்டே எடுத்திருக்கிறார். அந்தக் கை நடுக்கத்தைப் பார்த்து நானும் அழுதுவிட்டேன்."

"கல்லுளிமங்கன்னு நெனச்சேன்டா உன்ன!" என்று ஹிராய்வாவின் முதுகில் தட்டினார். "டோக்கியோவுக்கு, விருதுக்கு அனுப்பப் போறேன். அந்த நேரம் உன் மனசுல என்ன ஓடிச்சுன்னு ரெண்டு பத்தி எழுது. நாளைக்கு நம்ம பேப்பர்லயும் வரும். சாயங்காலத்துக்குள்ள வேணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஹிராய்வா தலைகுனிந்து வணங்கினார். அந்தப் பெண்ணின் கண்ணீரில் தானும் பங்குக்குக் கைநீட்டிய மாதிரி உடம்பெல்லாம் கூசியது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுகவாரா கண்ணைக் காட்டிக் கூப்பிட்டாள். அவள் திரையில் அந்தப் பூச்சாடி.

"உங்க கேமராவுல ரெண்டு கார்டு போடலாம்னு நீங்கதான பெருமையாச் சொன்னீங்க? ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல பத்திரமா இருக்கும்னு. நேத்து வீடியோவ அந்த ரெண்டாவது கார்டுலேர்ந்து எறக்கினேன், இதுவும் இருந்துச்சு." அவள் பொத்தானை அழுத்தினாள். சாடியும் பூக்களும் கிடுகிடுவென ஆடின. "இந்தப் பூச்சாடிக்காகவும் அழுதீங்களா, ஹிராய்வா-சான்?"

ஹிராய்வா வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றாள் அவள், இப்போது கேலி இல்லாமல். "ஆனா அந்த ரெண்டு பத்திய நீங்க எழுதினீங்கன்னா, என் கையால அதப் பேப்பர்ல போட மாட்டேன். வேற ஆளப் பார்த்துக்குங்க." கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

ஹிராய்வா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். 'அந்தக் கணத்தில் என் கண்கள்' என்று ஒரு வரி எழுதினார். அதைப் படிக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. நான்கு மணிக்குக் கார்டை எடுத்துக்கொண்டு ஒனோதேராவின் அறைக்குப் போனார்.

"எழுதிட்டியா?"

"மொதல்ல இதப் பாருங்க."

பூச்சாடி ஆடத் தொடங்கியதும் ஒனோதேரா சட்டென்று நிமிர்ந்து கூரை விளக்கைப் பார்த்தார். அது ஆடுகிறதா என்று பார்ப்பது அந்த ஊரில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆடவில்லை. திரும்பவும் திரையைப் பார்த்தார்.

"அடடே, நம்ம ஆபீஸ்தான! இது எந்த நிலநடுக்கம்? அக்டோபர்ல வந்துதே, அதுவா? இத ஏன்டா அப்பவே குடுக்கல?"

"நிலநடுக்கம் இல்ல, ஒனோதேரா-சான்."

ஹிராய்வா கால்சட்டைப் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்து, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, மறைக்காமல் மேசைமேல் வைத்தார். பக்கத்தில் இருந்த தேநீர்க் கோப்பையின் மூடி கிணுகிணுத்தது.

இந்தத் தடவை ஒனோதேரா விளக்கைப் பார்க்கவில்லை.