மாயவன் வண்டி

செங்கல்பட்டு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஜானகிராமனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. மற்ற குமாஸ்தாக்கள் காலிமனை தேடி அலைந்தார்கள். அவர் ஓடாத மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தேடி அலைந்தார். வெள்ளைக்காரன் காலத்து வண்டியாக இருக்க வேண்டும். அதை நட்டு நட்டாகக் கழற்றித் தன் கையாலேயே மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். "ஓடற வண்டியாவே ஒண்ணு வாங்கித் தொலைங்களேன்" என்று மனைவி சம்பூர்ணம் சொன்னால், "உனக்குப் புரியாது" என்பார். அவருக்கே அது புரிந்திருந்ததா என்பது வேறு விஷயம்.

எழுபத்து நாலாம் வருஷத்துக் கார்த்திகை மழையில் சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில் சில வீடுகள் விழுந்தன. கணக்கெடுக்க அவரை அனுப்பினார்கள். கடைசி வீட்டின் பக்கத்துச் சாய்ப்பில், கிழிந்த வலைகளுக்கு அடியில், அதைப் பார்த்தார். பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்; இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவத்துக்கென்று செய்த ரகம். கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, விழுந்த சுவரை மறந்து, வலையை விலக்க ஆரம்பித்துவிட்டார்.

கடற்கரையில் இரும்பு ஆணி ஒரு மழைக்காலம் தாங்காது. இந்த வண்டியில் பேருக்குக்கூடத் துரு இல்லை. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. குடலைப் புரட்டும் மீன்வாடை.

"சுறா எண்ண சார். கட்டுமரத்துக்குப் பூசுவமே, அது" என்றாள் பின்னால் வந்து நின்ற பெண். "மாசம் ஒரு தபா பூசிடுவேன். உள்ளயும் ஊத்திகீறேன். அவரு வந்தா வண்டி நல்லா இருக்கணும்ல?"

அவள் பெயர் வச்சலா. முப்பது வயதிருக்கும். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். புருஷன் மாயவன் கடலுக்குப் போவதோடு, இறால் கூடை ஏற்றிக் கொண்டுபோய் விற்றும் வந்தவன். அதற்காகத்தான் இந்தப் பழைய வண்டியை ஏலத்தில் எடுத்திருந்தான். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியலில் கட்டுமரம் தள்ளிப் போனவன் திரும்பவில்லை. மரமும் ஒதுங்கவில்லை, உடலும் ஒதுங்கவில்லை.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உடல் ஒதுங்காதவன் செத்தவன் அல்ல. வீட்டார் அவன் பொருள் ஒன்றை விலைக்குக் கொடுக்கிற அன்றைக்குத்தான் அவன் செத்தான் என்று கணக்கு. அன்றைக்கே ஒப்பாரி; பெண்டாட்டியின் தாலியும் அன்றைக்கே இறங்கும். அதனால் மாயவனின் பழைய சட்டையைக்கூட வச்சலா பழந்துணிக்காரனிடம் போட்டதில்லை.

இது எதுவும் தெரியாமல் ஜானகிராமன், "வண்டியை விக்கிறியாம்மா?" என்று கேட்டுவைத்தார்.

"இன்னாடீ கேக்கறான் அவன்?" என்று உள்ளேயிருந்து குரல் சீறியது. மாமியார் ஜெகதாம்பாள். கண்பார்வை போனவள், காது மட்டும் கத்தி. "எம்புள்ள வந்தா எதுல போவான்? போவச் சொல்லுடீ அந்த ஆள!"

வச்சலா வழக்கத்தை விவரமாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே கிக்கரைக் காலால் அழுத்தினார். அசையவில்லை. உள்ளே ஊற்றிய சுறா எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகி, பிஸ்டனைப் பிடித்துக்கொண்டிருந்தது. புருஷனுக்காக வண்டியைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளே அதைக் கொன்றிருந்தாள். அந்த இடத்தில் ஜானகிராமனுக்கு ஒரு யோசனை தோன்றியது. யோக்கியமான யோசனை என்று சொல்ல மாட்டேன்.

"உம்புருஷன் வந்து உதைச்சாலும் இது ஸ்டார்ட் ஆவாதும்மா. எஞ்சின் உள்ள இறுகிப்போச்சு."

"நான் ஊத்துனதுனாலயா சார்?"

"ஆமா."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, தான் எடுத்துப்போய்ச் சரிபண்ணி வைப்பதாகவும், மாயவன் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மாயவன் வரமாட்டான் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. வண்டி தன் வீட்டிலேயே தங்கிவிடும் என்பதிலும் இல்லை.

"விக்கல சார். ரிப்பேருக்குத்தான் குடுக்கறேன். நாலு பேரு காதுல வுழறாப்போல நீயே சொல்லிட்டுப் போ" என்றாள் வச்சலா. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களின் நடுவில் நின்று, ரிப்பேருக்குத்தான் என்று அவர் உரக்கச் சொன்னார். வண்டி மாட்டுவண்டியில் ஏறியது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை என்றால் கொல்லைப்புறம்தான். பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி, பதினோராவது ஞாயிறு அது ஒரு நூல் நகர்ந்தபோது ஜானகிராமன் குழந்தை மாதிரி கத்தினார். புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அலைந்து கார்புரேட்டர் வாங்கினார். வீடு முழுக்க மீன்வாடை. சம்பூர்ணம் மூக்கைப் பொத்திக்கொண்டே சமைத்தாள். அவருக்கு அந்த எட்டு மாதமும் சந்தோஷம், கலப்படமில்லாத சந்தோஷம். நடுவில் எப்போதோ "என் வண்டி" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அதை அவர் கவனிக்கவில்லை. சம்பூர்ணம் கவனித்தாள்.

ஆடி மாதத்தில் எஞ்சின் ஓட ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறே குப்பத்துக்குக் கிளம்பினார். காட்ட வேண்டும், அவர்கள் வாய் பிளப்பதைப் பார்க்க வேண்டும்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பிட்டுப் போங்க" என்றாள் சம்பூர்ணம்.

"சொல்லிட்டுப் போனா அதுல என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சவுக்குத் தோப்பு தாண்டி, இடிந்த கோட்டையைச் சுற்றி வண்டி திரும்பியபோது மத்தியான வெயில். ஒற்றைச் சிலிண்டரின் டமடம சத்தம் கோட்டைச் சுவரில் மோதி இரண்டு மடங்காகக் குப்பத்துக்குள் போனது. அந்தக் குப்பத்துக்கு வீடு திரும்பிவரும் மோட்டார் சைக்கிள் என்று இதுவரை ஒன்றுதான் இருந்திருக்கிறது, மாயவனுடையது. வலை பின்னுகிறவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்து ஜானகிராமனுக்குப் பெருமையாக இருந்தது. அவர்கள் முகம் ஏன் அப்படி வெளுத்திருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை.

கருவாடு காயப்போட்டிருந்த மணலிலிருந்து வச்சலா ஓடிவந்தாள். முறம் எங்கோ விழுந்தது. கொண்டை அவிழ்ந்து, சேலை காலில் தடுக்கி, விழுந்து எழுந்து, சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"யோவ்!" என்று கூப்பிட்டாள். "யோவ்!"

புருஷனைத் தவிர வேறு யாரையும் அவள் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டாள். ஜானகிராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று அடி தூரத்தில் அவள் நின்றாள். அவரைப் பார்த்தாள். சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம், யாரும் எடுக்க மறந்தது போல, முகத்திலேயே கிடந்தது. அவர் எஞ்சினை நிறுத்தினார்.

ஜெகதாம்பாள் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள். கைகள் இரண்டையும் முன்னால் நீட்டியிருந்தாள், யாரையோ வாங்கிக்கொள்ளப் போவதுபோல.

"வச்சலா, வந்துட்டானா? சத்தம் கேட்டுச்சே. வந்துட்டானாடீ?"



"இல்ல அத்த" என்றாள் வச்சலா. பிறகு, "வரமாட்டாரு" என்றாள். மூன்று வருஷத்தில் அந்தச் சொல் அவள் வாயில் வந்தது அப்போதுதான். வந்ததும் அவளே அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றார் ஜானகிராமன். "வண்டியை இங்கயே வுட்டுட்டுப் போறேன்."

"வாணாம் சார். எடுத்துகினு போ."

"சரி, ரிப்பேருக்குன்னே இருக்கட்டும். நான் பத்திரமா…"

"சும்மா எடுத்துகினு போவாத" என்றாள். உள்ளங்கையை நீட்டினாள். "வெல குடுத்துட்டு எடுத்துகினு போ."

நின்றிருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஜானகிராமனின் கை சட்டைப்பைக்குள் போய், வெளியே வர மறுத்தது. "குடு சார்" என்றாள் அவள் மறுபடி, குழந்தைக்குச் சொல்வதுபோல. "இன்னும் எத்தினி நாளு ஓடியாருவேன்?"

இருந்ததைக் கொடுத்தார். அவள் எண்ணிப் பார்க்கவில்லை. நோட்டுகளை மாமியாரின் கையில் வைத்து விரல்களை மூடினாள். அது என்னவென்று தடவிப் புரிந்துகொள்ள ஜெகதாம்பாளுக்குச் சற்று நேரம் ஆயிற்று. அப்புறம் அவள் மணலில் உட்கார்ந்து, மகனைப் பேர் சொல்லி அழ ஆரம்பித்தாள். வீடுகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். வச்சலா நடுவில் உட்கார்ந்தாள்.

வண்டி இப்போது ஜானகிராமனுடையது. கிக்கர் மேல் காலை வைத்தவர் எடுத்துவிட்டார். அந்தச் சத்தத்தை அங்கே இன்னொரு தடவை எழுப்ப அவருக்குத் தைரியம் இல்லை. சக்கரம் புதையப் புதைய, அத்தனை கனத்தையும் மணலில் தள்ளிக்கொண்டே ரோட்டுக்குப் போனார்.