கவாத்தை நிறுத்திய மாப்பிள்ளை

மாமனாரின் ஆப்பிள் தோட்டத்தை மேற்பார்க்க வந்த முதல் வாரமே மாப்பிள்ளை ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார். வருஷா வருஷம் இருபது பேர் ஏணி போட்டு ஏறி, ஒரு மாதம் முழுக்க மரங்களைக் கவாத்து செய்கிறார்கள். அதாவது, கூலி கொடுத்து ஆள் வைத்து, காய்க்கிற கிளையை வெட்டிக் கீழே போடுகிறார்கள். இத்தனை காலமாக இந்தக் கூத்தைக் கேட்பார் இல்லை. கேட்க மாப்பிள்ளை வந்துவிட்டார்.

கிளைக்குள் வெயில் இறங்காவிட்டால் காய் பெருக்காது என்று கவாத்து மேஸ்திரியம்மா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் வருஷம் மரம் படுத்துவிடும் என்றும் சொன்னாள். தன் பிழைப்பு போய்விடுமே என்று பேசுகிறாள் என மாப்பிள்ளை புரிந்துகொண்டார். அவருக்கு எல்லாமே சட்டென்று புரிந்துவிடும். அதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

கவாத்து நின்றது. கூலி மிச்சமானது, விளைச்சலும் ஏறியது. இரண்டாம் வருஷம் பழம் சிறுத்தபோது, பெட்டிக்குக் கூடுதல் பழம் கொள்கிறது என்று அதையும் சாதனையாக்கிவிட்டார். இறங்கும் செலவையும் ஏறும் விளைச்சலையும் ஒரு பெரிய தாளில் கோடுகளாக வரைந்து, மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒட்டினார். அதைப் பார்க்காமல் யாரும் ஒரு வாய் விழுங்க முடியாது.

அந்த மேசையில்தான் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தது. ஒரு பங்கு தோட்டம். இன்னொரு பங்கு கடைத்தெருவில் மூன்று கடையும் மாடி வீடும். ஒன்று மகளுக்கு, ஒன்று மகனுக்கு. மாப்பிள்ளையின் மனைவிக்குக் கடைகள் மேல்தான் கண். “வாடகை பாட்டுக்கு வந்துட்டிருக்கும்ங்க, நமக்கு அது போதும்” என்று முந்தின நாள்கூடச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை சுவரைக் காட்டி, தோட்டம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மச்சான் உடனே சரியென்று தலையாட்டிவிட்டார். மாமனார் ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எவ்வளவு தன்மையான குடும்பம் என்று மாப்பிள்ளை மெச்சிக்கொண்டார்.

மூன்றாம் வருஷம் பத்து மரத்துக்கு ஒன்றுதான் பூத்தது. மற்றவை இலையும் குச்சியுமாகப் புதர் மண்டி நின்றன. மாப்பிள்ளை விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். மேஸ்திரியம்மா வீட்டு வாசலில் போய் நின்று, கையோடு அழைத்து வந்தார்.

அவள் நாலு வரிசை நடந்து பார்த்தாள். இனிக் கத்தரி போதாது, ரம்பம்தான் வேண்டும். இலை உதிர்ந்த பிறகுதான் கை வைக்க முடியும். கூலி இரண்டு மடங்காகும். அப்புறமும் இரண்டு வருஷம் காய் கிடையாது என்றாள்.

இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று மாப்பிள்ளை குறைப்பட்டார்.

“பெரியவர்கிட்ட சொன்னேங்க. கையெழுத்துக்கு முந்தின நாள் வந்து மரம் மரமா பார்த்தாரு. இது இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு கேட்டாரு. இந்தக் காய்ப்போட சரின்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டுட்டாரு, இல்லேன்னு சொன்னா மரியாதையா இருக்காதுன்னாரு.”

மாப்பிள்ளைக்குக் கோபம் பொங்கி வந்தது. யார் மேல் காட்டுவது என்று பார்த்தார். ஒருவரும் அவரை ஏமாற்றவில்லை, கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் போய் மனைவியிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது அவமானம் பிடுங்கித் தின்றது.