பொறுக்கி மிஷினும் சின்னாயி கையும்

சாமை அரிசியிலிருந்து கல், மண், கருத்த மணி எல்லாவற்றையும் பிரித்துத் தள்ளும் மிஷின் ஒன்று கார்த்திகை மாதத்தில் மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதிக்கு நாடு என்று பெயர். அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஏதோ பெயர் இருந்தது. மகளிர் குழுப் பெண்கள் இரண்டே நாளில் அதைப் 'பொறுக்கி' ஆக்கிவிட்டார்கள். "பொறுக்கி இன்னைக்கு ஓடுதா?" என்று ரோட்டில் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், அருவி பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

மிஷினை ஓட்டுவது விஜயாவின் வேலை. முப்பது வயது. கோயம்புத்தூரில் பத்து நாள் பயிற்சி எடுத்து, சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மலையேறி வந்தவள். மேலிருந்து அரிசி சரிந்து விழும்போது உள்ளேயிருக்கும் கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். வேண்டாத மணி வந்தால் ஊசிக்காற்று ஒன்று அதை மட்டும் ஊதித் தள்ளிவிடும். அந்தக் காற்றுக்காகப் பக்கத்தில் ஒரு கம்ப்ரஸர். விஜயாவுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொறுக்கி, ஒரு நாளைக்கு ஒரு முறை, சில நாள் இரண்டு முறை, திடீரென்று நின்றுபோகும். திரை நாலைந்து தடவை எரிந்து எரிந்து அணையும். அதற்குப் பிறகு சுவிட்சை எத்தனை முறை தட்டினாலும் அசையாது.

முதல் தடவை நின்றபோது விஜயா இருபது முறையாவது தட்டியிருப்பாள். குழுத் தலைவி பாப்பாத்தி வந்து அவள் பங்குக்குத் தட்டினாள். இந்த அமளியைக் கேட்டு, கீழே மிளகு பறித்துக்கொண்டிருந்த சின்னாயி சரிவிலிருந்து குரல் கொடுத்தாள். சின்னாயி குழுவில் ஓர் உறுப்பினர். ஐம்பதை நெருங்கும் வயது, யார் சத்தம் போட்டாலும் முதலில் வந்து நிற்கும் குணம்.

"ஏன் கண்ணு, அதைப் போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க? அணைச்சுப் போட்டுட்டுச் செத்த சும்மா இருங்க. ஆரும் தொடாதீங்க. நா வாரேன்."

பறித்த மிளகைச் சாக்கில் கொட்டி, சாக்கைக் கட்டி, மேடேறி வந்து, கை கால் கழுவி, கோயில் இருக்கும் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சின்னாயி சுவிட்சைப் போட்டாள். பொறுக்கி ஓடியது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. தை பிறப்பதற்குள் சின்னாயியின் கை ராசியான கை என்று அடுத்தடுத்த நாடுகளுக்கும் பேச்சுப் போய்விட்டது. ஆலத்தூர் நாட்டிலிருந்து ஒருவர் புது டிராக்டரை ஓட்டி வந்து, சாவியை அவள் கையில் கொடுத்து வாங்கிப் போனார்.

விஜயாவுக்கு மட்டும் இது தொண்டையில் முள். சான்றிதழ் தன்னிடம் இருக்கிறது, மிஷின் சின்னாயி பேச்சைக் கேட்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

மாசி மாதம் சின்னாயியின் மகளுக்கு ராசிபுரத்தில் பிரசவம். சின்னாயி துணிமணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்த வாரம்தான் சேலத்துக் கடை ஒன்று அறுநூறு கிலோ சாமை அரிசி கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சின்னாயி பஸ் ஏறிய மறுநாளே பொறுக்கி நின்றது.

"போன் போட்டுக் கேக்கலாம்," என்றாள் பாப்பாத்தி.

"போன்ல எப்படிக்கா சுவிட்ச் போடுவாங்க?"

"கை இல்லாட்டி வாய்."

மிஷின் இருந்த கொட்டகைக்குள் சிக்னல் கிடையாது. மேலே பாறைக்கு ஏறினால்தான் ஒரு கோடு காட்டும். பாப்பாத்தி மூச்சு வாங்க ஏறிப் போய்ச் சின்னாயியிடம் பேசினாள். "அணைச்சு வெச்சிருக்கீங்கல்ல? நீ போயி, நா சொன்னேன்னு சொல்லிப் போடு," என்றாள் சின்னாயி. பாப்பாத்தி இறங்கி வந்து, "சின்னாயி சொல்லுச்சு, ஓடு சாமி," என்று சொல்லிப் போட்டாள். ஓடியது! பெண்கள் கைதட்டினார்கள். விஜயாவால் கைதட்ட முடியவில்லை.

இரண்டாம் நாள் மிஷின் நின்றபோது, என்ன அதிசயமோ, கொட்டகை வாசலிலேயே சிக்னல் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். "ஓடு சாமி!" என்று சின்னாயியின் குரலே கணீரென்று வந்தது. பாப்பாத்தி சுவிட்சைப் போட்டாள். ஓடவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். ஓடவில்லை. மறுமுனையில் சின்னாயி, "நாளைக்கு மொத பஸ்ஸுல வாரேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மற்றவர்கள் முகம் வாடிப்போய் டீ குடிக்கக் கிளம்பினார்கள். விஜயா போகவில்லை. சாக்கின் மேல் உட்கார்ந்து யோசித்தாள். நேற்று பாறைக்கு ஏறி இறங்கியதில் எவ்வளவு நேரம் ஆனது? சின்னாயி தோட்டத்திலிருந்து மேடேறி வர எவ்வளவு நேரம் ஆகும்? இன்று எவ்வளவு நேரம் ஆனது?

அவள் எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தாள். யாருக்கும் போன் செய்யவில்லை. செல்போனில் மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் கழித்து, யாராவது பார்க்கிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போட்டாள்.

பொறுக்கி ஓடியது.

அன்று மாலை மறுபடி நின்றபோது ஐந்து நிமிடம் விட்டுப் போட்டுப் பார்த்தாள், இல்லை. திரும்ப அணைத்துப் பத்து நிமிடம், இல்லை. மறுபடி அணைத்துப் பன்னிரண்டு நிமிடம் விட்டுப் போட்டதும் ஓடியது. பாறைக்கு ஓடி, மிஷின் கம்பெனியின் சர்வீஸ் நம்பருக்குப் போன் போட்டாள். இதுவரை நாலு தடவை "மிஷின் ரிப்பேர்" என்று சொல்லி, "ஆள் அனுப்புறோம்" என்ற பதிலை வாங்கியிருந்தாள். இந்தத் தடவை வேறு மாதிரி கேட்டாள்.

"ஏனுங்க, மிஷின் ரிப்பேர் இல்லீங்க. நின்னா, அணைச்சு வெச்சுப் பன்னண்டு நிமிஷம் கழிச்சுப் போட்டா ஓடுது. அதுக்கு முன்னாடி போட்டா ஓட மாட்டேங்குது. ஏன்னு மட்டும் சொல்லுங்க."

போனை எடுத்த பெண் சட்டென்று கேட்டாள். "நீங்களே டைம் பார்த்தீங்களா? இருங்க, நாளைக்கு நானே வர்றேன். என் பேரு கீர்த்தனா."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சின்னாயி ஏறியபோது, பக்கத்தில் ஒரு பெண் கனமான பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுபது கொண்டை ஊசி வளைவில் இருபதாவது வளைவு வருவதற்குள் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. சின்னாயி அவளை ஜன்னலோரம் மாற்றி உட்காரவைத்து, எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் காட்டி, மேலே போய்ச் சேரும்வரை அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"எங்க கண்ணு போற?"

"ஒரு மிஷின் பார்க்கப் போறேங்க அம்மா."

"நானும் ஒரு மிஷினைப் பாக்கத்தான் போறேன்," என்றாள் சின்னாயி. இரண்டும் ஒரே மிஷின் என்று கொட்டகை வாசலில்தான் தெரிந்தது.

கீர்த்தனா இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். பொறுக்கியின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, மீட்டரை மாட்டி, ஓடவிட்டுக் காத்திருந்தாள். காற்றுக் குறைந்து கம்ப்ரஸர் தடாலென்று ஓடத் தொடங்கியது. இருநூற்றுப் பத்து வோல்ட்டில் இருந்த மீட்டர் சரசரவென்று நூற்று நாற்பதுக்கு இறங்கியது. திரை எரிந்து அணைந்தது, எரிந்து அணைந்தது, நின்றது.

"பிடிச்சாச்சு," என்றாள் கீர்த்தனா. "ஆனா மிஷின் மேல தப்பில்லீங்க. இது தன்னைத்தானே காப்பாத்திக்குது."

உள்ளே செங்கல் அளவு இருந்த ஒரு பெட்டியைக் காட்டினாள். "இதுதான் மிஷினுக்குக் கரண்ட் குடுக்குற பவர் சப்ளை. இதுக்குள்ள ஒரு சிப் இருக்கு. அது செய்யுற வேலை தூளி ஆட்டுற மாதிரி. தூளி போற நேரம் பார்த்துத் தள்ளினா லேசா ஆடும். நேரம் தப்பித் தள்ளினா?"

"கையில வந்து இடிக்கும்," என்றாள் பாப்பாத்தி.

"அதேதான். ஊர்க் கரண்டும் குறைவா இருக்கிற நேரத்துல கம்ப்ரஸர் கிளம்பி இழுத்தா, வோல்டேஜ் ரொம்ப இறங்கி இந்தச் சிப்புக்கு நேரம் தப்பிப் போகும். அப்பத் தள்ளினா உள்ள வெடிச்சுடும். அதனால தள்ளாம நிறுத்திக்கும். கொஞ்சம் விட்டுத் தானா மறுபடி ஆரம்பிச்சுப் பார்க்கும். அதுவும் எடுத்த எடுப்புல ஓங்கித் தள்ளாது. சின்னச் சின்னத் தள்ளாத்தான் ஆரம்பிக்கும். நாலஞ்சு தடவை பார்த்தும் கரண்ட் சரியில்லைன்னா பூட்டிக்கும். திரை எரிஞ்சு எரிஞ்சு அணையுதுல்ல, அதுதான் இது."

"அப்ப அந்தப் பன்னண்டு நிமிஷம்?" என்றாள் விஜயா.

"சுவிட்சை அணைச்சாலும் உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல கரண்ட் மிச்சமிருக்கும். அது முழுசா வடியுற வரைக்கும் சிப் பூட்டைத் திறக்காது. வடிய அவ்வளவு நேரம் ஆகுது. நடுவுல போட்டுப் போட்டு அணைச்சா திரும்ப நிரம்பிடும். அப்படியே வெச்சுட்டுச் சும்மா இருந்தா..."

கீர்த்தனா பாதியில் நிறுத்தினாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் சின்னாயியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னாயி தன் வலது கையை ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். "அப்ப நா வராட்டியும் ஓடியிருக்குமா?"

விஜயா இந்த நிமிடத்துக்காக நான்கு மாதம் காத்திருந்தவள். இப்போதோ, "அக்கா, அது வந்துங்க..." என்று இழுத்தாள்.

சின்னாயி சாக்கின் மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாப்பாத்தி பதறிப்போய் முதுகைத் தடவினாள். முந்தானையை விலக்கிப் பார்த்தால், சின்னாயி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"அடி பாவிகளா! ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டேதான் சுவிட்சைப் போட்டேன், தெரியுமா? இன்னைக்கு ஓடாமப் போச்சுன்னா என்ன பண்ணறது, எல்லாரும் என்ன பேசுவாங்கன்னு. நேத்து போன்ல ஓடலைன்னதும் எனக்குச் சோறு எறங்கலை. எம்மவளைப் போட்டுட்டு, பொறந்து ரெண்டு நாளான புள்ளையப் போட்டுட்டு ஓடி வந்திருக்கேன். எங்கையில ஒண்ணுமில்லைன்னு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அம்மா," என்று கீர்த்தனா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "'அணைச்சு வெச்சுட்டு ஆரும் தொடாதீங்க'ன்னு சொன்னது நீங்கதானாமே? மிஷின் புத்தகத்துல நாப்பத்தோராவது பக்கத்துல அதேதான் போட்டிருக்கு. நீங்க சொல்லாட்டி இவங்க தட்டித் தட்டியே அதை ஒரு வழி பண்ணியிருப்பாங்க."

"கேட்டியா?" என்று சின்னாயி பாப்பாத்தியைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்துவிட்டது.

விஜயாவுக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. "நாப்பத்தோராவது பக்கமா? அந்தப் புத்தகம் முழுக்க இங்கிலீஷ்ல இருக்குதுங்க. அந்த ஒரு வரியைத் தமிழ்ல ஒட்டி அனுப்பினா என்னங்க?"

கீர்த்தனா தலையை ஆட்டினாள். "ஆபீஸ்ல சொல்றேன். சண்டை போட்டே சொல்றேன்."

கீர்த்தனா சொல்லியனுப்ப, பக்கத்து ஊரான செம்மேட்டிலிருந்து வயர்மேன் பிரவீன் வந்தார். கொட்டகைக்கு வந்த மூன்று ஃபேஸ் கரண்ட் கம்பிகளில் பொறுக்கியும் கம்ப்ரஸரும் ஒரே ஃபேஸில் இருந்தன. பொறுக்கியை வேறு ஃபேஸுக்கு மாற்ற அரை மணி நேரம்தான் பிடித்தது. மறுபடி ஓடவிட்டார்கள். கம்ப்ரஸர் தடாலென்று எடுத்தது. பெண்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்கள். திரை அசையவில்லை. அரிசி சரிந்துகொண்டே இருந்தது. கருத்த மணிகள் பக்கத்து டப்பாவில் சடசடவென்று விழுந்தன.

இனி நின்றாலும் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுவரில் எழுதிவைப்பதென்று முடிவானது. விஜயா கரிக்கட்டியை எடுத்தாள். "மிஷின் நின்றால் அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்கவும்" என்று எழுதினாள்.

"இப்படி எழுதினா ஆரு கேப்பாங்க?" என்றாள் சின்னாயி. "எம்பேரப் போடு."

விஜயா ஒரு நிமிடம் யோசித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அடியில் பெரிதாக, "இது சின்னாயி உத்தரவு" என்று எழுதினாள்.

மத்தியானம் கம்மங்கூழும் மிளகு போட்ட கோழிக்குழம்பும் ஆனது. பஸ்ஸில் குமட்டிய வயிறு என்று தயங்கிய கீர்த்தனா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மாலை பஸ்ஸில் அவளும் சின்னாயியும் சேர்ந்தே மலையிறங்கினார்கள்.

வியாழக்கிழமை இருட்டுவதற்குள் அறுநூறு கிலோவும் மூட்டையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை லாரியில் முன்சீட்டில் ஏறி விஜயாவே சேலத்துக்குப் போனாள். கடைக்காரர் ஒரு மூட்டையைப் பிரித்து, முழங்கை வரைக்கும் கையைவிட்டு அள்ளி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு மூட்டையிலும் பார்த்தார்.

"ஒரு கல்லு இல்லையேம்மா. கையிலயா பொறுக்குறீங்க?"

"இல்லீங்க, மிஷினுங்க. நாந்தான் ஓட்டறேன்."

"அடுத்த மாசம் ஆயிரத்து இருநூறு தர முடியுமா?"

விஜயா மனதுக்குள் நாட்களைக் கணக்குப் போட்டாள். பொறுக்கி நின்று யாருக்காகவோ காத்திருக்கும் நாள் என்று எதையும் அதில் கழிக்க வேண்டியிருக்கவில்லை.

"தரலாமுங்க," என்றாள்.